ஐந்தாவது வரி

டுர்க்குத் துறைமுகம், காலை ஆறு நாற்பது.
மைனஸ் பதினொன்று.
ஓலாந்துத் தீவுக்குப் போகும் கப்பலின் முன்
நூற்றறுபது கார்கள், எஞ்சினை அணைக்காமல்.
டிக்கெட்டைக் காட்டச் சொன்னால்
கைபேசியில் வெள்ளையாய் ஒரு வெட்டு,
பிறகு வெறும் வால்பேப்பர்.

செய்தவன் நான்.

ரீக்கா சல்மேனொயா எழுதிய கிளாஸ் அது.
தலைப்புக் கோப்பில் அவள் வெளியே விட்டது நான்கே வரி:
திற, காட்டு, புதுப்பி, மூடு.
மற்றதெல்லாம் உள்கோப்பில்,
அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்களாய்.

ஆப்ஜெக்டிவ்-சியில் பூட்டு செய்யத் தெரியாது.
அந்தரங்கம் என்றால் அங்கே
வாசலில் பெயர் எழுதாமல் விடுவது, அவ்வளவுதான்.
பெயர் தெரிந்து கூப்பிட்டால்
யார் என்றுகூடக் கேட்காமல்
எழுந்து வந்து வேலையை முடித்துவிட்டுப் போகும்.

எனக்குப் பெயர் தெரிந்திருந்தது.
முடிந்த நிரலைப் பிரித்துக் கொட்டும் கருவி ஒன்று உண்டு.
ஒரு நவம்பர் இரவு கொட்டிப் பார்த்தேன்.
எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதும் இடத்தில்
ஃபின்னிஷில் ஒன்று, இடைவெளி விடாமல்:
ஓசையின்றிஎண்ணு.
சர்வரை எழுப்பாமல்
மீதி இருக்கைகளை எண்ணித் தரும்.

கேட்டிருக்கலாம்.
இரண்டு மேசை தள்ளித்தான் இருந்தாள்,
ஏலக்காய் பன்னைக் காபியில் தோய்த்தபடி.
கேட்காமல்
பெயரை மேற்கோளுக்குள் இட்டுச் செய்தி அனுப்பினேன்.
கம்பைலர் மஞ்சளாய் ஒருமுறை முனகியது.
அதன் வாயை அடைக்கவும் ஒரு வரி இருக்கிறது.

பதினான்கு மாதம் பதில் வந்தது.

போன வியாழன் அவள் பெயரை மாற்றினாள்.
தன் அறையில் நாற்காலியை நகர்த்துகிறவள்
யாரிடம் சொல்லிவிட்டு நகர்த்துவாள்?
இருட்டில் நடந்து பழகிய நான்தான்
முட்டிக்கொண்டேன், நூற்றறுபது கார்களோடு.

பிழைப் பதிவை அவள் மேலிருந்து கீழே படித்தாள்.
என் வரி வந்ததும் விரல் நின்றது.
நான் சொல்ல வைத்திருந்த காரணங்கள்
தொண்டையிலேயே இருந்தன.
"வேணும்னா சொல்லியிருக்கலாமே, யோனி."
அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஏழரைக்குத் தலைப்புக் கோப்பில்
ஐந்தாவது வரி சேர்த்தாள்: எண்ணு.

ஓசையின்றி என்று அன்று ஏன் எழுதினாள்,
பக்கத்தில் யார் தூங்கிக்கொண்டிருந்தார்கள்,
தெரியாது.
அதை உள்ளேயே வைத்துக்கொண்டாள்.
நானும் இந்த முறை
பிரித்துப் பார்க்கவில்லை.