நூற்றொன்பதாம் எண்

ஆறாவது கிலோமீட்டரில்
வெந்நீர்க் குடுவைகளுக்குக் காவல் நான்.
நீலப்பழக் கஞ்சி, உப்புச் சாறு, காகிதக் கோப்பைகள்.
நூற்றெட்டுப் பேர் கடந்துவிட்டார்கள்.
கடைசியாய்ப் போன எஸ்தோனியக்காரி
துப்பிவிட்டுப் போன எச்சில்கூட உறைந்துவிட்டது.

ஒருத்தி பாக்கி.

வாக்கி டாக்கியில் பெங்ட் கேட்கிறான்,
"வந்தாளா?"
பாதையைச் சீர்செய்யும் வண்டியின் எஞ்சினை
அணைக்காமல் அரைமணியாய் உட்கார்ந்திருக்கிறான்.
மூன்று மணிக்கே இருட்டிவிடும் இந்த ஊரில்.
மறைக்க என்ன இருக்கிறது,
நானும் அவளைத் திட்டிக்கொண்டுதான் நின்றேன்.
கால்விரல்கள் என்னுடையவைதானா என்று
குனிந்து பார்க்கவேண்டியிருந்தது.

பட்டியலில் ஒரே வரி:
ஃபெலிசார்டா முச்சாங்கா, மொசாம்பிக்.

முதலில் தடியின் சத்தம் வந்தது.
பிறகு பிர்ச் மரங்களுக்கு நடுவே
ஒரு சிவப்புத் தொப்பி.
வளைவில் விழுந்தாள்.
எழுந்து, பட்டையை இறுக்கி,
விழுந்த இடத்துக் குழியைத்
தட்டித் தட்டி மூடினாள்
பின்னால் வருபவர் இடறாமலிருக்க.

பின்னால் யாருமில்லை.

யாரும் இங்கே நிற்பதில்லை; ஓடியபடியே பிடுங்கிக்கொள்வார்கள்.
அவள் நின்றாள். இரண்டு கோப்பை குடித்தாள்.
அவளுடைய ஆங்கிலமும் என்னுடையதும்
ஒரே அளவுக்கு நொண்டி.
பெய்ராவில், மீன்பிடித் துறைமுகத்தில்,
ஐஸ் ஆலையில் வேலையாம்.
"எங்கள் ஐஸில் இறால் நாறும்.
இங்கே வந்த அன்று அள்ளி மோந்து பார்த்தேன்,
ஒன்றுமே இல்லை."
ஏமாந்தவள் மாதிரி சொன்னாள்.

விடியுமுன் தோண்டோ சாலையில்
சக்கரம் வைத்த ஸ்கீயில் பயிற்சி.
ஜிம்பாப்வே போகும் லாரிக்காரன் ஒருவன்
வண்டியை ஓரங்கட்டிக் கேட்டானாம்:
"ஐயோ தாயி, இரண்டு காலுமா உடைந்தது?"
சொல்லிவிட்டு அவளே சிரித்து,
சிரிப்பில் இருமி,
கையுறையால் மூக்கைத் துடைத்தாள்.

இன்னும் நாலு கிலோமீட்டர், என்றேன்.
கடைசி ஒன்று முழுக்க இறக்கம், சுலபம்.
முகம் மாறிவிட்டது.
இறக்கமா?
மழைக்காலத்தில் கடல் வீட்டுக்குள் வரும் ஊர் அவளுடையது;
சரிவு என்று அங்கே எதைக் காட்டுவது?
ஏற்றம் பழகிவிடலாம், என்றாள்,
மூச்சு வாங்கினால் போதும்.
இறங்குவதை எங்கே போய்ப் பழக?

போனாள்.
தொப்பி சிறுத்து, மரமாகி, ஒன்றுமில்லாமல் ஆயிற்று.
குழி இருந்த இடத்தைத் தேடிப் போனேன்;
எது என்று தெரியவில்லை.

"வந்தாளா இல்லையா?" பெங்ட்.
"இன்னும் இல்லை. பொறு."

மஞ்சள் விளக்குச் சுழல அந்த வண்டி
அவள் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டு போகவேண்டாம்.
அவள் இறங்கட்டும், விழுந்து, மூடி, மறுபடி.
இருட்டினால் இருட்டட்டும்.
குடுவையில் இன்னும் கொஞ்சம் கஞ்சி சூடாக இருக்கிறது.