நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

மெரேபாங்க் நூலகத்தில்
கிழிந்ததை ஒட்டுவது என் வேலை.
கத்தரி, பசை, ஒட்டுநாடா,
சன்னலுக்கு வெளியே சுத்திகரிப்பு ஆலையின் தீநாக்கு.
காற்று இந்தப் பக்கம் திரும்பும் நாள்களில்
பிள்ளைகள் ஆஸ்துமா பம்பை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான்
புத்தகம் எடுக்க வருவார்கள்.

அந்த நாவலுக்கு மூன்று முறை அட்டை மாற்றியிருக்கிறேன்.
சாவில்லாத பையன் ஒருவனின் கதை.
ஏழு வயதில் ஏதோ விதையை விழுங்கிவிடுகிறான்,
குறும்பால் அல்ல, பசியால்.
அன்றைக்கு அவனுக்கு முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.
அவ்வளவுதான்.
முன்னூறு வருஷம் அது ஆடிக்கொண்டே இருக்கிறது.
அம்மா போகிறாள். நாய்கள் போகின்றன, பதினோரு நாய்கள்.
பாய்மரம் போய்ப் புகைக்கூண்டு வருகிறது.
நாணயத்தில் ராஜாக்களின் மூக்கு தேய்கிறது.
இவன் கொய்யாவை
இன்னும் கடைவாயால்தான் கடிக்கிறான்.

நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தின் கடைசி வரி:
நாக்கால் மெல்லத் தள்ளினான், பல்

அதோடு சரி.
அடுத்த தாளை யாரோ கிழித்திருந்தார்கள்,
அவசரமில்லாமல், அளவுகோல் வைத்து.

ஒட்டுவதற்கு எதுவும் இல்லை.
வேறு பிரதி கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை.
அதற்குப் பிறகு இந்தப் பேட்டையில் படித்த எவருக்கும்
அந்தப் பல் விழவே இல்லை.
மிஸஸ் கவுண்டர், அப்புறம் என்ன ஆச்சு என்று
ப்ரெனாலன் ஒரு மாதம் நச்சரித்தான்.
தெரியாது என்றேன், உண்மைதான்.
ஒட்டுகிறவள் எல்லாவற்றையும் படிப்பதில்லை.

பிறகு பூச்சி அரித்தது.
நீக்கப்பட்டது என்று முத்திரை குத்தி
வாசலில் பெட்டியில் போட்டோம்.
சாவில்லாதவன், இரண்டு ராண்டு.
யார் வாங்கிப் போனார்களோ.

போன செவ்வாய்க்கிழமை சலோஷினி படையாச்சி வந்தாள்,
கையில் மகள்.
பர்சிலிருந்து எட்டாய் மடித்த தாள் ஒன்றை எடுத்து வைத்தாள்.
நான்தான் கிழித்தேன், எனக்கு எட்டு வயசு.
வென்ட்வொர்த் ஆஸ்பத்திரியில் தம்பி
மூக்கில் குழாயோடு கிடந்தான்.
இந்தப் பக்கத்தில் பல் விழுந்துவிடுகிறது.
விழுந்தால் அவன் வளர்வான்.
வளர்ந்தால்

என்று நிறுத்தினாள்.
தாளின் வெற்றுப்புறத்தில் பென்சிலில், குண்டு எழுத்தில்:
வார்டு நாலு, மூணு மணிக்கு.
தம்பியைப் பற்றிக் கேட்காமல் இருக்கப் பார்த்தேன்.
கேட்டுவிட்டேன்.

தேஷனா? இருக்கான்.
இசிபிங்கோவில் டயர் கடை. முன்மண்டை வழுக்கை.
அம்மா வீட்டை விற்பதில் தகராறு,
ரெண்டு வருஷமாய்ப் பேச்சில்லை.
சொல்லும்போது வாய் ஒரு பக்கம் கோணியது,
சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

புத்தகம் இல்லை என்றேன்.
முப்பத்தொரு வருஷம் பத்திரமாய் வைத்திருந்தேனே, என்றாள்,
ஏதோ நாங்கள்தான் தவறவிட்டதுபோல.
அதுவும் சரிதான்.
ரசீது எழுதினேன்: தாள் ஒன்று, அபராதம் இல்லை.

பிறகு நின்றபடியே படித்தேன்.
விழுந்தது, என்று ஆரம்பிக்கிறது.
அரைப் பக்கம்தான்.
உப்புக்கரிக்கும் ரத்தம். உள்ளங்கையில் அரிசிபோல் ஒரு வெள்ளை.
யாரிடமாவது காட்ட ஓடுகிறான்,
காட்ட யாரும் மிச்சமில்லை,
முன்பின் தெரியாத வீட்டுக் கூரைமேல் விட்டெறிகிறான்.
அந்த வீட்டில் யாரோ வெங்காயம் வதக்குகிறார்கள்.
அவனுக்குப் பசிக்கிறது.
முற்றும்.

மேசை விளிம்பில் தாடையை வைத்து
மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
வாயைத் திறந்து, நாக்கு நுனியால்
கீழ்ப்பல் ஒன்றை முன்னும் பின்னும் அசைத்துக் காட்டினாள்.

எனக்கு அறுபத்திரண்டு.
இந்த வருஷம்தான் இடப்பக்கம் ஒன்று ஆடத் தொடங்கியிருக்கிறது,
டாக்டரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.
கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு
நானும் குனிந்து திறந்து காட்டினேன்.

விரலால் தொட்டுப் பார்த்து, யோசித்து,
எனக்குத்தான் முதலில், என்றாள்.