ஒலிப்பதிவு: நீலாஸ் ஊட்சி

படத்தின் கடைசியில் என் பெயர் வருகிறது,
ஒலிப்பதிவு என்ற சொல்லுக்கு எதிரே.
பதினொரு நிமிடப் படம். ஒலியே கிடையாது.
எடுத்துவிடு என்றேன்.
சும்மா இருக்கவும் ஒரு ஆள் வேண்டும் என்றாள் ராவ்த்னா.

முப்பது வருடம் அவளோடு அலைந்தவன்.
மைனஸ் முப்பத்தெட்டில்
கேமரா பேட்டரியைக் கக்கத்தில் அடைகாத்தவன்.
ஃபின்மார்க்கில் பனி விடியலில் ஒரு மாதிரி நொறுங்கும்,
மதியம் வேறு மாதிரி.
அதெல்லாம் என்னிடம் டப்பா டப்பாவாய் இருக்கிறது.

ஆஸ்லோவில் பணம் கொடுக்கும் குழு
அவள் முதல் கதையைப் புரட்டிவிட்டுக் கேட்டது:
கலைமான் எங்கே?
கதையில் ஒரு பெண், பெட்ரோல் பங்கில் இரவு வேலை,
வருமான வரிக் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறாள். அவ்வளவுதான்.
வானத்தில் பச்சை ஒளியாவது?
அன்றைக்கு மேகமூட்டம் என்றாள்.
பனி வண்டியை விற்று எடுத்தாள்.
இருபத்தாறு பேர் பார்த்தோம்,
அதில் நாலு பேர் வரி அலுவலகம்.

ஏழு வயதில் விடுதிப் பள்ளி.
சாமிய மொழி வாயில் வந்தால் இரவுச் சாப்பாடு கிடையாது.
விளக்கணைத்த பின், ஜன்னலில் விழும் பனி வெளிச்சத்தில்,
இருபது சிறுமிகள்
சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்களாம்:
யார் அம்மாவிடமிருந்து கடிதம்,
வார்டன் செருப்பு இப்போது எந்தப் படியில்.
குடித்திருந்தபோது ஒருமுறை சொன்னாள்.
படமாக எடுக்கலாமே என்றேன்.
ஏப்பம் விட்டாள்.

அறுபத்திரண்டு வயதில்,
ஏதோ பல்கலைக்கழகத்தின் நிலவறையில்,
துருப்பிடித்த டப்பா. மேலே: மாதிரி 14, பெண்.

கூடாரத்துக்கு முன்னால் ஒருத்தி நிற்கிறாள்.
கோட்டுப் போட்டவர் இரும்புக் கவராயத்தால்
அவள் மண்டையை அளக்கிறார்.
நேராக, பக்கவாட்டில், திருப்பி நிறுத்தி மறுபடியும்.
அவள் வாய் அசைகிறது.
தொண்ணூறு வருடமாய் அதைப் பார்த்தவர்கள்
மூக்கைப் பார்த்தார்கள், தாடையைப் பார்த்தார்கள்.

ராவ்த்னா மூன்று நாள் அந்த அறையை விட்டு வரவில்லை.
காப்பியும் உலர்ந்த இறைச்சியும் கதவோரம் வைத்தேன்.
நாலாம் நாள் உள்ளே ஒரு சிரிப்பு.
என் தொழிலில் நான் தவறவிட்ட சத்தம் அது ஒன்றுதான்.

படத்தில் அவள் சேர்த்தது ஒரே வரி,
கீழே, வெள்ளை எழுத்தில்:
*இரும்பு சில்லிடுது கிழவா,
முதல்ல உன் மடியில வெச்சு சூடாக்கு.*

ஆஸ்லோ அரங்கம் மூச்சுவிடவில்லை.
ஒருவர் மேடையேறி மன்னிப்புக் கேட்டார், நீளமாக.

கௌத்தோகெய்னோவில் கைப்பந்து மைதானத்துக் கூடத்தில் திரை கட்டினோம்.
அந்த வரி வந்ததும்
மீன் கம்பெனிச் சட்டையோடு வந்திருந்த ஒருத்தி
தொடையில் தட்டினாள்.
பிறகு கூடம் முழுக்க.
திரும்பப் போடு, திரும்பப் போடு என்று நாலு தடவை.

பழக்கதோஷம், கருவியை ஓடவிட்டிருந்தேன்.
வெளியே வந்து அவளிடம் சொன்னேன்,
நாற்பத்தொரு வினாடி சிரித்தார்கள் என்று.

அளக்காதே என்றாள்,
பையில் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டே.