பி-0340

நாலாவது தடவையும் அதே எண்.
ஸ்கேனரின் கீறல் விழுந்த கண்ணாடியில்
பி, பூஜ்யம், மூணு, நாலு, பூஜ்யம்.
என் ரேஷன் அட்டை எண்கூட
இவ்வளவு மனப்பாடம் இல்லை.

"விளக்கு வந்துட்டு அண்ணாச்சி" என்று
சாவியை மேசையில் வைத்தார் அருள்சீலி.
குரலில் கோபமில்லை. அதுதான் சங்கடம்.
பின்சீட்டில் பால் சங்கத்து மாதிரிப் பாட்டில்கள்
ஒன்றையொன்று இடித்து ஓய்ந்தன.

பதினாலு வருச ஐ-டென்.
மேலப்பாளையம் வெயிலில் பானட்
விரல் வைக்க விடாது.
துணியைப் போட்டுத் தூக்கினேன்.
கேம் சென்சார் தன் இடத்தில்
ஒன்றும் அறியாததுபோல் உட்கார்ந்திருந்தது.
சித்திரையில் ஒன்று மாற்றினேன்.
ஆடியில் இன்னொன்று, கம்பெனி அட்டைப்பெட்டியோடு.
ஒவ்வொரு தடவையும் எண்ணை அழித்தேன்,
விளக்கு அணைந்தது,
பணம் வாங்கினேன்.

இன்று அழிக்கவில்லை.
எண்ணுக்குப் பின்னால்
கம்ப்யூட்டர் உறையவைத்திருந்த ஒரு நொடியைப் படித்தேன்.
வேகம் முப்பத்தொன்று.
சுற்று இரண்டாயிரத்து இருநூறு.
சூடு தொண்ணூற்று மூன்று.
"எங்க வச்சு வருது?" என்று
முதல்முறையாகக் கேட்டேன்.

"தருவை தாண்டி, வாய்க்கா மதகு வளைவுல.
செகண்ட் போட்டு மிதிச்சா வரும்.
திரும்பையில இறக்கம், மிதிக்க வேண்டாம், வராது.
போன தடவையே சொன்னேன்லா,
நீங்க போன்ல இருந்திய."

மிதிச்சா.
என் பட்டறையில் இந்த வண்டி
ஒருநாளும் எதையும் இழுத்ததில்லை.
நியூட்ரலில் நின்று உறுமிக் காட்டும்,
நானும் தலையாட்டி அனுப்பிவிடுவேன்.

அவரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து
கை பிரேக்கை இழுத்து
சக்கரத்துக்குக் கருங்கல் கொடுத்தேன்.
"செகண்ட் போடுங்க. கிளட்சை மெல்ல விடுங்க.
நின்னுரும்னு தோணுச்சுன்னா மிதிச்சிருங்க."
மீட்டரின் சிவப்பு முனை
சென்சார் ஒயரின் முதுகில் குத்தியிருந்தது.
ஐந்து வோல்ட்.
ஐந்து.
தொய்ந்த மவுண்டில் இன்ஜின்
கட்டிலைவிட்டு எழப்பார்க்கும் நோயாளியாய்ப் பின்னால் சாய
பூஜ்யம்.
நிமிர்ந்ததும் ஐந்து.

ஒயரோடு போனது விரல்.
மேல்தோலில் ஒரு கீறல் இல்லை.
உள்ளே மட்டும் செம்பு அறுந்து
இரண்டு முனைகளும் தொட்டும் தொடாமலும்
காலம் தள்ளியிருக்கின்றன.
அதற்கு அரை விரல் மேலே
ஒயரை பிராக்கெட்டோடு இறுக்கி
ஒரு மஞ்சள் டை.

மஞ்சள் டை
இந்தத் தெருவில் நான் மட்டும்தான் போடுகிறேன்.
முனையை நறுக்காமல் மடக்கிச் செருகுவதும்
என் கைவழக்கம்.
போன வருசம் ஹெட்லைட் வேலைக்கு வந்தபோது
ஒயர் தொங்கினால் பார்க்க நன்றாயிராதென்று
மூச்சுவிட இடமில்லாமல் கட்டியிருக்கிறேன்.
இன்ஜின் அசையும் பொருள் என்பது
எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

கண்ணாடியைத் தாழ்த்தி அவர் கேட்டார்,
"ஆம்புட்டுட்டா அண்ணாச்சி?"

எலி என்று சொல்லியிருக்கலாம்.
எந்தப் பழியும் பொருந்தும் எலிக்கு.
நாக்கு நுனிவரை வந்து
வாலை ஆட்டியது.

"நான் கட்டுனதும்மா."

"அப்போ அந்த ரெண்டு சென்சாரும்?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

எஃப்.எம். யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி முடித்தது.
பிறகு அவர் மணியைப் பார்த்தார்,
பாட்டில்களைப் பார்த்தார்.
"மவுண்ட மாத்துங்க. சென்சார் காசக் கழிச்சுக்கிடுங்க.
இப்போதைக்கு ஒயர ஒட்டுங்க, பால் திரிஞ்சிரும்."

ஈயம் வைத்து ஒட்டி, உறை ஏற்றி,
இரண்டு விரல் தளர்ச்சி விட்டேன்.
பார்க்க அழகாக இல்லை.

கூடவே ஏறிக்கொண்டேன், கூப்பிடாமலே.
முன்னீர்பள்ளம் தாண்டினோம், தருவை தாண்டினோம்.
மதகு வளைவில் செகண்ட் போட்டு
அழுத்தி மிதித்தார்.
விளக்கை அவர் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்தார்.