பதினாறு அங்குலம்

பதினாலரை அங்குலம் அந்தக் குழல்.
சட்டத்துக்குப் பதினாறு வேண்டும்.
மிச்சம் இருக்கிற ஒன்றரை அங்குலத்துக்குள்
ஒரு ஜெயில் இருக்கிறது என்று
சிரிக்காமல் சொன்னாள் டெல்லா வுக்கோவிச்.

பெயோ எச்செவெரி தலையாட்டினான்.
பிக் ஹார்ன் மலையிலிருந்து இறங்கிய காற்று
தகரக் கதவைக் கடன்காரன் மாதிரித் தட்டிக்கொண்டிருந்தது.
அவன் வண்டியின் பின்னால் இரண்டு மூட்டை உப்பு,
செத்த ஆட்டுக்குட்டி ஒன்று,
கழுத்தில் கொயோட் பதித்த பல்.
காட்டத்தான் கொண்டுவந்தேன் என்றான்,
யாரும் கேட்கும் முன்பே.

குழல்வாயில் திருகும் எஃகுத் துண்டு,
பக்கவாட்டில் மீன் செவுளாய்ப் பிளவுகள்.
வாய்ப்பூட்டு என்று நினைத்துவிட வேண்டாம்,
இது வாயை அகலத் திறக்கிற ஜாதி.
சுடும்போது வருகிற உதையை
அப்படியே அள்ளிப் பக்கத்தில் தள்ளிவிடும்.
தோளுக்குச் சுகம்.

திருகினாள். நிமிர்த்திப் பார்த்தாள்.
அரிசிமணி நீளம்கூட இல்லாத ஆணி ஒன்று உள்ளே போனது.
முகமூடியைச் சரித்தாள்.
நீலமாய் ஒரு சொட்டு வெளிச்சம்.
தன் தலை எங்கே என்று
இனி அந்த ஆணிக்கே தெரியாது.

பிறகு குழலுக்குள் மரக்குச்சியை இறக்கி
விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு
உருவி அளந்தாள்.
பதினாறும் ஒரு நூலும்.
பதினாறும் பெற்றாயிற்று,
இனிப் பெருவாழ்வுதான் அதற்கு.

"கழற்றவே முடியாதா?"
"கழற்ற முடியாததற்குத்தானே காசு."

ஏப்ரல். ஆடுகள் குட்டி போடும் கொட்டகைக்குப் பின்னால்
பனிமேல் சாக்கு விரித்து
இருவரும் குப்புறப் படுத்திருந்தார்கள்.
அவனுக்கு வலப்பக்கம் மாரென், கையில் விளக்கு.
வேலியோரம் இரண்டு பச்சைக் கண்கள்.
சுட்டான்.
துப்பாக்கி துள்ளவே இல்லை,
பூனை கன்னத்தில் உரசின மாதிரி இருந்தது என்று
பீர் கடையில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தான்.
விளக்கு பனியில் விழுந்து கிடந்தது.
தப்பிவிட்டது என்று அவன் சொன்னதை
அவன் உதட்டில்தான் பார்த்தாள் மாரென்.

அன்றிலிருந்து அவள் இடது காதில் ஒரு கெட்டில் கொதிக்கிறது.
தண்ணீர் வற்றவில்லை.
ரோமம் வெட்ட வந்தவர்கள் வெட்டிவிட்டுப் போனார்கள்,
மந்தை மலையேறியது,
கெட்டில் அடுப்பிலேயே இருக்கிறது.
ஜூலையில் அவளுக்குக் காதுமூடி வாங்கி வந்தான் பெயோ.
மஞ்சள் நிறம். நல்ல விலை.

ஆகஸ்டில் அவள் மட்டும் வந்தாள்,
கம்பளியில் சுற்றிய துப்பாக்கியோடு.
இதைக் கழற்றுங்கள்.

"கழற்றினால் மறுபடி பதினாலரை.
அப்படியே எடுத்துப்போனால்
வாசல்படியிலேயே குற்றவாளி."
"அப்படியானால் வேறொன்று வையுங்கள்.
சத்தத்தை முன்னால் துரத்துகிற மாதிரி."
"அதையும் பற்றவைக்க வேண்டியிருக்கும். நிரந்தரமாக."
"என்ன?"
டெல்லா மேசையைச் சுற்றி வலப்பக்கம் வந்தாள்.
"நிரந்தரமாக."
மாரென் கல்யாண மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள்.
பழக்கதோஷம்.
"வையுங்கள்."

குழலைத் தனியே பிரித்தெடுத்து
அரவைச் சக்கரத்தை ஓடவிட்டாள் டெல்லா.
நிரந்தரம் பொறிப்பொறியாய்ச் சிமெண்டுத் தரையில் சிதறியது.
இருபது நிமிஷம். அவ்வளவுதான் அதன் ஆயுள்.
கழன்று வந்த செவுள் துண்டைக் காப்பி டப்பாவில் போடப் போனவளை
மாரென் தடுத்து வாங்கிக்கொண்டாள்.
இன்னும் சூடாக இருந்தது.
காட்டத்தான் என்றாள்.

புதியது ஏறியது. ஆணி, நீலச் சொட்டு,
மரக்குச்சி, பென்சில் கோடு.
காசோலையில் கையெழுத்துப் போடும்போது
சுவரில் டெலிபோன் அடித்தது,
ஐந்து தடவை, ஆறு தடவை.
டெல்லா கையுறையைக் கழற்றிப் போய் எடுக்கும்வரை
அது தன் காதுக்குள் என்றே
மாரென் நினைத்திருந்தாள்.