ஒரு மட்டக்குதிரை, பிறகு ஒரு குரங்கு

கோலா பெலாய்ட் நீதிமன்றத்தில்
மின்விசிறிக்கு நேர் கீழே என் நாற்காலி.
சாட்சிக் கூண்டில் கிளைவ் ஹாதர்லி,
எண்ணெய்க் குழாய் ஒப்பந்தக்காரர், கிழக்கு லண்டன் நாக்கு.
"முதலில் ஒரு மட்டக்குதிரை கொடுத்தேன்.
கோப்பு நகரவில்லை. பிறகு ஒரு குரங்கு."

நான் அதை மலாயில் சொல்லவேண்டும்,
குற்றம் சாட்டப்பட்ட ஜுமைடிக்குப் புரியும்படி.
துறைமுகத்தில் சீட்டு கிழித்தவர்,
காதை என் பக்கம் சாய்த்தபடி நின்றார்.
அவசரத்தில் விலங்குகளாகவே சொல்லிவிட்டேன்.
"என் வீடு ஆற்றுக்கு மேலே
மரக்கால்களில் நிற்கிறது அம்மா,
குதிரையை எங்கே கட்டுவேன்?"
நீதிபதி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.
திருத்தினேன்: இருபத்தைந்து. ஐந்நூறு.
எண்ணாக மாறியதும்
ஒருவரும் சிரிக்கவில்லை.

ரொட்டி என்றார், மாவு என்றார், எல்லாம் காசுதான்.
காசைப் பேர் சொல்லிக் கூப்பிட
அந்த ஊரில் என்ன கூச்சமோ,
புருஷன் பேரைச் சொல்லாத பெண்களைப் போல.
நாங்கள் மட்டும் என்னவாம்,
காப்பிக் காசு என்போம்.
ஒரு கவளம் உருட்டி வாயில் ஊட்டுவது என்போம்,
பிள்ளைக்கும் அதே சொல்
அதிகாரிக்கும் அதே சொல்.

குவிட், குவிட் என்று நாலைந்து முறை சொன்னார்.
பவுனுக்கு அவர்கள் செல்லப்பேர்.
அப்போதுதான் வழக்கறிஞர் எழுந்து
கழுத்துப்பட்டையைச் சரிசெய்து
லத்தீனை எடுத்தார்:
குவிட் ப்ரோ குவோ.
அதே குவிட். ஆனால் இது பணமில்லை,
செத்த மொழியில் 'எது?' என்று கேட்கும் சொல்.
எதற்கு எது.
ஜுமைடி என்னைப் பார்த்தார், இன்னும் எத்தனை குவிட் என்பதுபோல.

மலாயில் ஒரு பழமொழி உண்டு,
கிழங்கு இருந்தால் பாத்தி இருக்கும் என்று தொடங்கும்.
சிலர் வாயில், பட்ட உதவிக்குக் கைம்மாறு என்று முடியும்.
சிலர் வாயில், ஒரு நாள் வரும், அன்று பார்த்துக்கொள்கிறேன்.
எதைச் சொன்னாலும்
தீர்ப்பை நான் எழுதியதாகிவிடும்.
தட்டச்சரின் விரல்கள் காத்திருந்தன.
"ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது" என்றேன்.
மீன் சந்தையில் கேட்டதுபோல இருந்தது.
வழக்கறிஞர் முகம் சுளித்தார்.

மூன்றாம் நாள் தீர்ப்பு.
பதினான்கு மாதம் என்பதற்குச்
சொல் தேடவேண்டியிருக்கவில்லை.

அழைத்துப் போகையில் ஜுமைடி நின்று
எனக்கு நன்றி சொன்னார்.
மலாயில் நன்றி என்றால்
அன்பைப் பெற்றுக்கொள் என்று பொருள்.
பதிலுக்குச் சொல்லவேண்டியது சமா-சமா.
மூன்று நாளாய்ப் பிறர் பேச்சையே பேசிய வாய்.
காவலர் கதவைச் சாத்தும்வரை
அதை உள்ளேயே வைத்திருந்தேன்,
ஊட்டிய கவளம் போல.