இருப்புப் பதிவேடு, பக்கம் 43

பெறப்பட்ட நாள்: மே இருபத்தொன்பது.
பெட்டிகள் ஏழு. ஒன்றின் மூலை நனைந்திருந்தது.
மேலே ஒரு கொடி,
கொடிக்குக் கீழே எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து.
வேனிலிருந்து இறக்கிய பூமிராசா
தள்ளி நின்று கையெழுத்து வாங்கினான்,
பேனாவை நீங்களே வச்சுக்கங்க என்றான்.

தடைக்காலம் வேறு.
கடலுக்கும் ஊரடங்கு, கரைக்கும் ஊரடங்கு.
கரையேறிய வள்ளங்களின் நிழலில்
ஆடுகள் அசைபோட்டுக் கிடந்தன.
கச்சான் மட்டும் இ-பாஸ் இல்லாமல் சுற்றியது,
உப்பளத்து வெள்ளையை அள்ளிவந்து
துணை சுகாதார நிலையத்தின் சன்னலில் அப்பியது.

பிரித்தேன்.
விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், பன்னிரண்டு.
பிரசவக் கிட், நாற்பது.
ஆக்சிஜன் செறிவூட்டி ஒன்று:
அதன் பிளக்குக்குத் தட்டையாய் இரண்டு பல்,
எங்கள் சுவருக்கு வட்டமாய் மூன்று கண்.
பிறகு
கம்பளித் தொப்பி, கைக்குழந்தை அளவு, அறுபது.

கம்பளி.
வாலிநோக்கத்தில்.
கத்தரி முடிந்தும் முடியாத வெயிலில்.
மாஸ்க்குக்குள் சிரித்தால்
கண்ணாடியில் ஆவி படியும்.
பல நாள் கழித்து அன்று படிந்தது.

வள்ளத்து எஞ்சின் பார்க்கும் சூசை
பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு வேறு பூட்டினான்.
"அவுக ஊரு கரண்டு வேற அக்கா, நேரா கொடுத்தா கருகிரும்."
வோல்டேஜ் குறைக்கும் பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்து வந்தான்.
எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.
படிவத்தில் அவன் பெயருக்கு இடமில்லை.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சீட்டு:
சென்னை வந்தது மே எட்டு.
கிடங்கிலும் வழியிலுமாய்,
யாருடைய முத்திரைக்கோ,
இருபத்தொரு நாள்.

ஜுலைகா, மே பதினேழு.
எட்டு மாதம்.
பெருநாள் கழிந்து மூன்றாம் நாள்.
எங்களிடம் இருந்த ஒரே ஆக்சிமீட்டர்
கண் திறக்கவில்லை.
நகத்தைப் பார்த்தேன், நீலம் ஏறியிருக்கிறதா என்று.
பத்து விரலிலும் மருதாணி.
அவ்வளவு சிவப்பு.

போகிற வழியில் சிக்கல் என்றொரு ஊர்,
யார் வைத்த பெயரோ.
அங்கே வண்டிக்குள்ளேயே பிள்ளை பிறந்தான்.
ராமநாதபுரத்துப் பெரியாஸ்பத்திரி வாசலில்
அவள்.

பெட்டி வந்த தேதி ஒரு பதிவேட்டில்.
ஜுலைகா இன்னொரு பதிவேட்டில்.
என் மேசையில் ஒன்றின்மேல் ஒன்றாய்த்தான் இருக்கின்றன,
நடுவே ஓர் அட்டை.

வீடியோவில் ஒரு நாள்
உதவி அனுப்பியவர்களின் அம்மா ஒருத்தி,
எத்தனை தாய்மார்கள் பயனடைந்தார்கள் என்று கேட்டாள்.
அம்மாதான், ஏனென்றால் பின்னால் ஒரு குழந்தை அழுதது.
மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்து போனாள்.
அவள் திரும்பும்வரை
பல ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த
வெற்று நாற்காலியைப் பார்த்தபடி இருந்தேன்.
அவள் மேல் எனக்குக் கோபமில்லை.
கோபத்தை யார் முகவரிக்கு அனுப்புவது என்றும் தெரியவில்லை.

ஜூன் பத்தில் சபுரா வந்தாள், ஜுலைகாவின் அக்கா.
தங்கை மகனை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.
எடை ஆயிரத்து எழுநூற்றிச் சொச்சம்.
எடை குறைந்த பிள்ளைக்குத் தலைவழியே சூடு இறங்கிப்போகும்:
பயிற்சியில் நானே எழுதிக்கொண்ட வரி,
நானே பத்துப் பேருக்குச் சொன்ன வரி.
சிரித்தவளும் நான்தான்.
மஞ்சள் தொப்பி ஒன்றை எடுத்து மாட்டினேன்.
புருவம் தாண்டி இறங்கியது.
உள்ளிருந்து ஒரு தும்மல்.

வழங்கியதற்குத் தாயின் கையெழுத்து வேண்டும்.
அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் தணிக்கைக்கு வந்தவர் நல்ல மனிதர்,
டீ வேண்டாம், மோர் இருந்தால் போதும் என்றார்.
கையெழுத்துகளை எண்ணினார், தொப்பிகளை எண்ணினார்,
மறுபடி எண்ணினார்.
சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம்.
"ஒண்ணு குறையுதேம்மா."
ஆமா சார்.
பக்கத்தைத் திருப்பினார்.
தாளின் மடிப்பில்
உப்பு நறநறத்தது.